திறக்காதவர்கள்

"பத்தொம்பதா? நாமளா?"

கிளைவ் கேட்ட கேள்வியில் பிரிண்டாலா தீவன ஆலையின் அலுவலக அறை அதிர்ந்தது. அவர் கையில் இருந்தது, மின்னஞ்சல் அனுப்பித் தரும் நிறுவனம் வருஷத்துக்கு ஒருமுறை அனுப்பி வைக்கும் ஒப்பீட்டு அறிக்கை. உங்கள் தொழிலில் இருப்பவர்கள் அனுப்பும் கடிதங்களை நூற்றுக்கு முப்பத்தைந்து பேர் திறக்கிறார்கள்; உங்கள் கடிதத்தைத் திறப்பவர்கள் நூற்றுக்குப் பத்தொன்பது. அவ்வளவுதான் விஷயம். அதை ஒரு வரியில் சொல்லித் தொலைத்திருக்கலாம். பச்சையில் ஒரு நெட்டைக் கம்பம், பக்கத்தில் சிவப்பில் ஒரு குட்டைக் கம்பம் என்று படம் வேறு போட்டு மானத்தை வாங்கியிருந்தார்கள்.

கிளைவ் ஆர்ட்ரிதான் முதலாளி. அப்பா விட்டுப்போன ஆலையை இழுத்துப் பிடித்து நடத்துகிறவர். சனிக்கிழமை ஆட்டத்தில் ஊர் அணி தோற்றால் திங்கட்கிழமை காலை யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். தோல்வி என்றால் அப்படி ஓர் ஒவ்வாமை. அவருடைய மேசைக்கு மேலே அணிகளின் புள்ளிப் பட்டியல் எப்போதும் குத்தியிருக்கும்.

"ஏம்மா டெல்வின், மத்த ஆலைக்காரன் எல்லாம் முப்பத்தஞ்சுல நிக்கிறான். நாம என்ன, பத்தொம்பதுல உக்காந்து அடை காக்குறோமா?"

"கிளைவ், அது சராசரி. பெரிய ஊர்ல நாய் பிஸ்கட் விக்கிறவன்லருந்து எல்லாரையும் கூட்டி வகுத்தது. நம்ம கதை வேற."

"வேறதான். நம்ம கதை நாறுது."

டெல்வின் ஹேஸ்கெட் வெளியே வாதாடினாளே தவிர, உள்ளுக்குள் அவளுக்கும் சுருக்கென்று தைத்தது. ஆலையின் கடிதங்களை எழுதுகிறவள் அவள்தான். வைக்கோல் கொட்டகையில் எலி குடித்தனம் நடத்துவது, கிளைவின் பூனை எடைமேடையில் ஏறிப் படுத்துக்கொள்வது என்று நையாண்டி கலந்து எழுதி, கடைசியில் தீவன விலையைச் சொல்லி முடிப்பாள். அதை நூற்றுக்கு எண்பத்தொரு பேர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்றால், இத்தனை நாளாகச் சுவரோடு பேசிக்கொண்டிருந்தோமா என்று அவளுக்குத் தோன்றியது.

அன்றிலிருந்து அவள் மூச்சு, பேச்சு எல்லாம் அந்தக் கம்பம்தான். நிறுவனம் நடத்திய பாடங்களை எல்லாம் கணினியில் உட்கார்ந்து கேட்டாள். எல்லாப் பாடமும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நின்றது: திறக்காதவர்களைக் கழித்து விடு. திறக்காதவர்களுக்கே மேலும் மேலும் அனுப்பினால், இவன் குப்பை அனுப்புகிறவன் என்று அஞ்சல் சேவைக்காரர்கள் முத்திரை குத்திவிடுவார்கள். அப்புறம் திறக்கிறவர்களுக்கும் போய்ச் சேராது. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இன்னொன்றும் இருக்கிறதே! சரியாகப் படிக்காத பிள்ளைகளை எல்லாம் பரீட்சைக்கு முன்னால் வெளியே அனுப்பிவிட்டு, தேர்ச்சி விகிதம் ஏறிவிட்டது என்று மார்தட்டுகிற பள்ளிக்கூடத்துக் கணக்கும் இதுவும் ஒன்றுதான். அது அப்போது டெல்வினுக்கு உறைக்கவில்லை. யாருக்குத்தான் உறைத்தது?

எல்லாவற்றையும் தானாக நடக்கும்படி கட்டி வைத்தாள். புதிதாக வருகிறவருக்கு வரவேற்புக் கடிதம் தானாகப் போகும். மூட்டை தீரும் நேரம் பார்த்து, வாங்க வேண்டாமா என்று நினைவூட்டும் கடிதம் தானாகப் போகும். ரொம்ப நாளாக எதையும் திறக்காதவருக்கு, "இன்னும் எங்களோடு இருக்கிறீர்களா? கீழே அழுத்திச் சொல்லுங்கள்" என்று ஒரு கடைசிக் கடிதம். அழுத்தினால் இருக்கலாம். அழுத்தாவிட்டால் பெயர் தானாகவே ஒரு பெட்டிக்குள் போய் விழுந்துவிடும். அதற்குப் பிறகு அந்தப் பெயருக்கு ஒரு வரிகூடப் போகாது. அந்தப் பெட்டிக்குக் கல்லறை என்று பெயர் வைத்தவர் கிளைவ். அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். டெல்வினும் சிரித்தாள்.

கடைசிக் கடிதத்தை அவள் முதலில் வெறும் எழுத்தாகத்தான் அமைத்திருந்தாள். கிளைவ் உதட்டைப் பிதுக்கினார்.

"துக்கச் செய்தி மாதிரி இருக்கே. இதப் பாத்து எவன் அழுத்துவான்? அழகா ஒரு படம் போடும்மா."

ஊரில் அச்சகம் வைத்திருப்பவரிடம் சொல்லி ஒரு படம் வரைந்தார்கள். லாயத்திலிருந்து ஒரு குதிரை தலையை நீட்டி, "இங்கேதான் இருக்கேன்!" என்று பல்லைக் காட்டுகிறது. படமே பொத்தான். படத்தின் மேல் எங்கே அழுத்தினாலும் சரி. பார்க்க அம்சமாக இருந்தது. கிளைவ் அதை ஊர் முழுக்கக் காட்டினார்.

குளிர்காலம் பாதி தாண்டுவதற்குள் திறப்பு நூற்றுக்கு நாற்பத்தொன்றைத் தொட்டது. கம்பம் பச்சையாகிவிட்டது. கிளைவ் அந்தத் தாளை அச்செடுத்து, புள்ளிப் பட்டியலுக்குப் பக்கத்தில் அதைவிட உயரமாகக் குத்தினார். தேங்காய்த்துருவலில் புரட்டிய லாமிங்டன் கேக் ஒரு தட்டு நிறைய வந்தது.

"முப்பத்தஞ்சாம் முப்பத்தஞ்சு! தின்னுங்கடா. இந்தப் பொண்ணு நம்மள முதலிடத்துக்குக் கொண்டுவந்துட்டா."

மெல்பர்னில் நடக்கும் தீவனக்காரர்கள் மாநாட்டில் இதைப் பற்றிப் பேச வரும்படி டெல்வினுக்கு அழைப்பும் வந்தது. அவள் புது மேல்கோட்டு வாங்கினாள். ஒப்பனைக் கண்ணாடி முன் நின்று, பேச வேண்டியதை முணுமுணுத்துப் பார்த்தாள். தப்பில்லை, உழைத்தவளுக்கு அந்த ஆசைகூட இருக்கக் கூடாதா?

ஆகஸ்டு மாதம், குளிர்காலத்தின் கடைசி. வேல மரங்கள் மஞ்சளாய்ப் பூத்துக் கிடந்த ஒரு மத்தியானம். ஆலைப் பொறுப்பாளர் நெவில் உள்ளே வந்தார். எப்போதும் வாசலிலேயே கிளைவைச் சீண்டிவிட்டு வருகிறவர் முகத்தில் அன்று ஈயாடவில்லை.

"கிளைவ், கதவச் சாத்துங்க."

"என்னய்யா, பொண்டாட்டி தொரத்திட்டாளா?"

"கதவச் சாத்துங்கன்றேன்ல."

கிளைவின் சிரிப்பு அப்படியே நின்றது. நெவில் நின்றபடியே சொல்லி முடித்தார். மாட்டுத் தீவனத்தில் ஒரு மருந்து கலப்பார்கள். மாட்டுக்கு அது நல்லது. குதிரைக்கு எமன். கொஞ்சம் உள்ளே போனாலே இதயத்தைத் தின்றுவிடும். முறிவு மருந்தும் கிடையாது. மாட்டுத் தீவனம் அரைத்த பிறகு, வெறும் தானியத்தை ஓட்டி இயந்திரத்தைக் கழுவிவிட்டுத்தான் குதிரைத் தீவனத்தைப் போட வேண்டும். போன தடவை கழுவவில்லை. எடுத்து வைத்திருந்த மாதிரியைச் சோதனைக்கு அனுப்பியதில் இப்போதுதான் தெரிந்திருக்கிறது.

"மூட்டை வெளிய போயிடுச்சா?" என்று கேட்டபோது கிளைவின் குரல் அவருடையதாகவே இல்லை.

"போயிடுச்சு. கடைக்கும் போயிடுச்சு, வீட்டுக்கும் போயிடுச்சு."

 டெல்வினின் கை தானாக விசைப்பலகைக்குப் போய்விட்டது. "நிறுத்துங்கள்! குதிரைத் தீவனத்தில் மாட்டு மருந்து" என்று தலைப்பு. எந்த மூட்டை, என்ன அடையாளம், உடனே என்ன செய்ய வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்று எழுதி, பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் என்று குறித்து அனுப்பினாள். நெவில் கடைகளுக்குத் தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தார். கிளைவ் பெரிய லாயங்களையும் உள்ளூர் வானொலியையும் பிடித்தார்.

அப்புறம் மூன்று பேரும் திரையையே வெறித்துக்கொண்டு நின்றார்கள். திறப்பு ஏறியது. நாற்பது. ஐம்பத்தைந்து. அறுபத்தெட்டு. எண்பதைத் தாண்டியபோது கிளைவ் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"எண்பதும்மா. எவனுக்கு வரும் எண்பது? நம்ம கடுதாசிய ஜனங்க படிக்கிறாங்க. நீ மட்டும் இதச் சரி பண்ணி வைக்கலேன்னா இன்னிக்கு நம்ம கதி என்ன ஆயிருக்கும்!"

டெல்வினுக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அக்கா ரோவீனாவுக்கு ஒரு தடவை போன் செய்து பார்த்தாள். ரோவீனா மேட்டுப்பக்கத்தில் தனியாக இருக்கிறாள். ஜூனிப்பர் என்ற சினைக்குதிரை உட்பட நான்கு குதிரைகள் வைத்துக்கொண்டு, மலைப்பாதையில் சவாரி அழைத்துப் போவதுதான் பிழைப்பு. அங்கே சிக்னல் என்பது தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி நின்றால்தான் கிடைக்கும். மணி அடிக்காமலே துண்டாகிவிட்டது. சரி, மெயில் போயிருக்கிறது, ரோ ஒன்று விடாமல் படிப்பாள் என்று டெல்வின் போனைக் கீழே வைத்தாள். கிறிஸ்துமஸ் விருந்தில் எடைமேடைப் பூனைக் கதையை ரோ அப்படியே சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தவள் ஆயிற்றே.

அங்கேதான் அவள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

மறுநாள் காலை முதல் தேநீரை எடுத்துக்கொண்டு உட்காரும்போது போன் அடித்தது. ரோவின் பெயர்.

"டெல்! தொட்டி மேட்டுல நின்னு பேசுறேன். ஜூனிப்பர் விழுந்துட்டா. எந்திரிக்க மாட்டேங்குறா. ஒடம்பெல்லாம் தொப்பலா வேர்த்துக் கெடக்கு. டாக்டருக்குச் சொல்லிட்டேன், வந்துட்டிருக்காங்க. உங்கிட்ட நெவில் நம்பர் இருக்குல்ல? தீவனம் ஒத்துக்கலியோன்னு அவரக் கேக்கணும்."

டெல்வின் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"என்ன தீவனம் போட்ட?"

"வேற எது? உங்க மூட்டைதான். புதுசு."

"ரோ, மெயில் பாக்கலியா நீ? நேத்தே அனுப்பினேனே!"

"எந்த மெயிலு? உங்கிட்டருந்து மெயில் வந்தே எவ்ளோ நாளாச்சு. நிறுத்திட்டீங்கன்னுல்ல நெனச்சேன். சின்ன ஆளுங்களுக்கெல்லாம் இனிமே எழுத மாட்டாங்க போலன்னு பக்கத்துப் பண்ணை மெர்வ்கூடச் சொன்னாரு."

"ஐயோ... மத்த மூணும்? மத்ததுங்க தின்னுச்சா?"

"காலைல இன்னும் வைக்கல. நேத்து சாயங்காலம் ஆளுக்குக் கொஞ்சம் வச்சேன். ஜூனிப்பருக்குத்தான் வயித்துல குட்டின்னு நெறைய வச்சேன்."

"தீவனத் தொட்டியில மிச்சம் இருக்கறத அள்ளிக் கொட்டு ரோ. ஒண்ணும் கேக்காத. விஷம். மாட்டு மருந்து கலந்துடுச்சு. ஓடு!"

 அந்தப் பக்கம் ரோவீனா ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. போனைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறாள். மூச்சு இரைத்தது, கம்பிக்கதவு அடித்தது, இணைப்பு அறுந்தது.

டெல்வின் கணினியைத் திறந்து அக்காவின் பெயரைத் தட்டினாள். விரல் வேறு வேறு எழுத்தில் போய் விழுந்தது. மூன்றாம் தடவைதான் சரியாக வந்தது. ரோவீனா ஹேஸ்கெட். நிலை: கல்லறை. கடைசியாகத் திறந்தது: ஒருபோதும் இல்லை.

ஒருபோதும் இல்லையா! பூனைக் கதையை ஏற்ற இறக்கத்தோடு சொன்னவளா ஒருபோதும் திறக்காதவள்? 

அப்போதுதான் பாடத்தில் போகிற போக்கில் சொன்ன ஒன்று அவள் தலையில் இடியாக இறங்கியது. கடிதம் திறக்கப்பட்டதா என்று நிறுவனத்துக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டிப் படம் ஒட்டியிருக்கும். படிக்கிறவரின் கணினி அந்தப் படத்தை இறக்கினால், திறந்தார் என்று கணக்கு. மேட்டுப்பக்கத்தில் இணையம் என்பது கூரைமேல் தட்டு வைத்து வானத்திலிருந்து சொட்டுச் சொட்டாக வாங்குவது. அங்கே இருக்கிறவர்கள் முதலில் செய்கிற காரியமே, மெயிலில் படங்களை அணைத்து வைப்பதுதான். ரோவின் கணினியில் அதை அணைத்துக் கொடுத்தவளே டெல்வின்தான். எழுத்து மட்டும் வரும். எழுத்தைத்தான் அவர்கள் படிப்பார்கள். குட்டிப் படம் இறங்காது. ஆக, வரி வரியாகப் படித்தவர்கள் எல்லாம் திறக்காதவர்கள்.

அந்தக் கடைசிக் கடிதம்? பொத்தானே படம்! லாயத்துக் குதிரையும் அதன் பல்லும் ஊர்க்காரர்களுக்குத்தான் தெரிந்திருக்கும். மேட்டுக்காரர்களுக்கு வந்தது ஒரு வெற்றுக் கட்டம். "இன்னும் எங்களோடு இருக்கிறீர்களா? கீழே அழுத்திச் சொல்லுங்கள்." கீழே ஒன்றுமே இல்லை. எதை அழுத்துவார்கள்?

கல்லறையைத் திறந்து பெயர்களை ஓட்டினாள். மெர்வ் டாக்கெட். மலையடிவாரத்துச் சவாரிப் பள்ளி. ஆற்றங்கரையில் கிழக்குதிரைகளுக்குக் காப்பகம் நடத்தும் இரண்டு பெண்கள். ஒன்று தவறாமல் எல்லாம் மேட்டுப்பக்கம். பெரிய லாயங்களை விட்டால் இந்த மாவட்டத்தில் குதிரை வைத்திருப்பதே மேட்டுக்காரர்கள்தானே! ஊருக்குள் இருப்பவன் வாரத்துக்கு ஒரு மூட்டை கோழித் தீவனம் வாங்குகிறவன். நேற்று எண்பது சதவீதம் திறந்து குதித்தது யார்? புது போன் வைத்திருக்கும் ஊர்க்காரர்கள். அதிலும் பாதிப் பேர் திறந்தார்களோ இல்லையோ, சில போன்கள் மெயில் வந்தவுடன் படத்தைத் தானே இறக்கி வைத்துக்கொள்ளும், ஆள் தூங்கிக்கொண்டிருந்தாலும் திறந்தார் என்று காட்டும். அட நாசமே! எதைப் பார்த்து நேற்று மூன்று பேரும் பூரித்துப்போனோம்?

"கிளைவ்!" என்று அவள் கத்தியதில் நெவில்கூட ஆலையிலிருந்து ஓடி வந்தார்.

சொன்னாள். ஒன்றையும் மறைக்காமல், ரோவின் போனிலிருந்து படப் பொத்தான் வரைக்கும் சொன்னாள். கிளைவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது முகம் சாம்பலாகிவிட்டது.

"ஒருத்தருக்கும் போகலியா? மேட்டுப்பக்கம் ஒருத்தருக்குமா?"

"ஒருத்தருக்கும் போகல. வானொலியும் அங்க எட்டாது. இப்ப கல்லறைக்கு மொத்தமா அனுப்பப் போறேன்."

"அனுப்பினா ரேட்டு விழுந்து..." என்று ஆரம்பித்தவர், தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். கண்கள் அகல விரிந்து டெல்வினைப் பார்த்தார். "நானா இதச் சொன்னேன்? என் வாயா சொல்லுச்சு? அனுப்பும்மா. அனுப்பு, அனுப்பு!"

படமில்லை, சின்னமில்லை, வண்ணமில்லை. அடியில் ஒட்டுகிற குட்டிப் படத்தையும் கழற்றினாள், எங்காவது சிக்கித் தாமதமாகிவிடப் போகிறது என்று. வெறும் எழுத்து. "குதிரைத் தீவனத்தை நிறுத்துங்கள். விஷம் கலந்திருக்கிறது. அக்கம்பக்கத்தவருக்கும் போய்ச் சொல்லுங்கள். டெல்வின்." அனுப்பு என்று அழுத்தியதும் இயந்திரம் குறுக்கே விழுந்தது. "இவர்கள் உங்கள் கடிதங்களில் ஆர்வம் இழந்தவர்கள். இவர்களுக்கு அனுப்பினால் உங்கள் மதிப்பெண் குறையக்கூடும். நிச்சயமாக அனுப்பவா?"

"அனுப்பித் தொலையேன், சனியனே!" என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு அழுத்தினாள். நெவில் போனை எடுத்துப் பெயர் பெயராக அழைக்க உட்கார்ந்தார். முக்கால்வாசி எண்கள் மணியே அடிக்கவில்லை. டெல்வின் சாவியை எடுத்துக்கொண்டு வண்டியை நோக்கி ஓடினாள்.

மேட்டுப்பாதை முழுக்கத் தனக்குத்தானே பேசிக்கொண்டே போனாள். நேற்றே வண்டியை எடுத்திருந்தால்? மணி அடிக்காத போனை மறுபடி ஒரு தடவை, இன்னொரு தடவை அழைத்திருந்தால்? எண்பது என்று காட்டியதே, எண்பது என்று காட்டியதே! அக்காவின் குரலைக் கேட்காமல் வெறும் எண்ணை யாராவது நம்புவார்களா? அவளே அல்லவா நம்பினாள். வளைவில் ஒரு கங்காரு குறுக்கே பாய்ந்தது. நல்லவேளை, கால் தானாகப் பிரேக்கில் இறங்கியது.

லாயத்து முற்றத்தில் ஜூனிப்பர் பக்கவாட்டில் கிடந்தாள். சினைக்குதிரையின் வயிறு மேடாகத் தூக்கிக்கொண்டிருந்தது. மூக்கு அகல விரிந்து மூச்சுக்குத் தவித்தது. ரோவீனா மண்ணில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் வைத்திருந்தாள். தாய் செத்துப்போன குட்டியாக வந்ததைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் அவள். பக்கத்தில் மண்டியிட்டிருந்த கால்நடை மருத்துவர் காதிலிருந்து குழாயைக் கழற்றிக்கொண்டு டெல்வினைப் பார்த்தார். தலையை மெல்ல ஆட்டினார்.

"மத்த மூணும் இப்போதைக்கு நிக்குது. கொஞ்சமாத்தான் தின்னிருக்கு. ஆனா நெஞ்சு எப்படி ஆகும்னு இப்பச் சொல்ல முடியாது. இவளுக்கு நான் செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல."

"குட்டி?" என்றாள் ரோவீனா.

"நாள் ஆகலயே, ரோ. எடுத்தாலும் நிக்காது."

ரோவீனா அழவில்லை. குதிரையின் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். "போடி, என் கண்ணு. போ. வலிக்க வேணாம்" என்றாள். மருத்துவர் ஊசியைப் போட்டார். வயிறு ஒருமுறை தூக்கி அடங்கியது. அதற்குப் பிறகும் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று சிறிது நேரம் அசைந்தது. டெல்வின் அதைப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தி எடுத்தாள்.

தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏறினாள், கிளைவுக்குச் சொல்ல. சிக்னல் வந்த உடனே அவரே அழைத்துவிட்டார்.

"டெல்வின், எவனுக்கும் போகலம்மா! திறந்தவங்க பூஜ்யம்னு காட்டுது. பூஜ்யம்! மறுபடி அனுப்பவா? நெவிலுக்கும் யாரும் எடுக்க மாட்டேங்குறாங்க. என்னம்மா பண்றது?"

மேட்டிலிருந்து டெல்வின் கீழே பார்த்தாள். மண் பாதையில் புழுதி கிளம்பிக்கொண்டிருந்தது. முதலில் ஒரு வண்டி, பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் குதிரை ஏற்றும் பெட்டியோடு மூன்றாவது. காப்பகத்துப் பெண்கள் இருவர், சவாரிப் பள்ளிக்காரர், மெர்வ் டாக்கெட். ஒவ்வொருவராக ரோவீனாவின் வாசலில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"படிச்சிட்டாங்க, கிளைவ்."

"பூஜ்யம்னு காட்டுதேம்மா!"

"அதுல நான் குட்டிப் படத்த ஒட்டல. எல்லாரும் படிச்சிட்டாங்க. இங்கதான் வந்துட்டிருக்காங்க."

போனை அணைத்துவிட்டு இறங்கி வந்தாள்.  வந்தவர்கள் ஜூனிப்பரைச் சுற்றி நின்றார்கள்.  காப்பகத்துப் பெண்களில் ஒருத்தி ரோவீனாவின் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, தோளில் கை போட்டுக்கொண்டாள்.

மெர்வ் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு டெல்வினிடம் வந்தார். எழுபதைத் தாண்டிய மனிதர்.

"மெயிலப் பாத்தேன் பொண்ணே. எங்கிட்ட இருந்தத எல்லாம் குழி தோண்டிக் கொட்டிட்டேன். ரோ வீட்ல எப்படின்னு பாக்க வந்தோம். அடுத்த பள்ளத்துல வால்டர்ஸ் வீட்டு ரெண்டு குதிரை காலைல போயிடுச்சு. தெரியுமா?"

டெல்வின் இல்லை என்று தலையை ஆட்டினாள். 

"ஒண்ணு கேக்கணும். ஊருக்குள்ள எல்லாருக்கும் நேத்தே வந்துச்சாமே, வர்ற வழியில கடைல சொன்னான். நேத்தே வந்திருந்தா நேத்து சாயங்காலத் தீவனம் யாரும் வச்சிருக்க மாட்டோம். எங்க பேர மட்டும் எவன் எடுத்தான்?"

இயந்திரம் எடுத்தது என்று சொல்லலாம். உண்மையும்கூட. கிளைவ் கேட்டார், அச்சகத்துக்காரர் வரைந்தார், நிறுவனத்துப் பாடம் சொன்னது என்று அடுக்கலாம். ஆளாளுக்கு ஒரு பங்கு கொடுத்தால் தன் பங்கு கொஞ்சமாகத் தெரியும். டெல்வின் அக்காவைப் பார்த்தாள். ரோவீனா குதிரையின் தலையை மடியிலிருந்து இறக்காமல், அவளைத்தான் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் எடுத்தேன், மெர்வ்."

கூட்டத்தில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். மெர்வின் கையில் தொப்பி அப்படியே நின்றுவிட்டது.

"எங்களையா? இத்தன வருஷமா உங்க மூட்டையத்தான வாங்குறோம். நாங்க என்ன பண்ணோம்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல."

"எம்பேரையுமா எடுத்த?" என்றாள் ரோவீனா. குரலில் கோபம்கூட இல்லை. வேறு யாரோ வீட்டு விஷயத்தை விசாரிக்கிற மாதிரி இருந்தது. "நான் உன் மெயில் ஒண்ணு விடாம படிச்சேனே டெல். எதுக்குடி எடுத்த?"

"நாப்பத்தொண்ணு வரணும்னு."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவள் காதிலேயே விழுந்தது. அங்கே நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரோவீனா புருவத்தைச் சுருக்கினாள். தங்கை சொன்னது புரியாமல் போனது தன் குற்றமோ என்பது போல, நிஜமாகவே புரிந்துகொள்ளப் பார்த்தாள்.

"நாப்பத்தொண்ணு என்னது? மூட்டையா? குதிரையா?"